புரோட்டாவை விடமாட்டேன் என்றேன்

சிலருக்குக் காலையில் பேப்பர் பார்க்காவிட்டால் பொழுது விடியாது. எனக்குச் சாயங்காலம் இரண்டு புரோட்டா சாப்பிடாவிட்டால் பொழுது சாயாது. இது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். எடுத்தவர்கள் எல்லாம் ஓய்ந்துபோய்விட்டார்கள், நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு முறை விட்டுப்போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆரம்பித்தது தொண்ணூற்றைந்தில். பெரம்பலூரில் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கிரையப் பத்திரம், பாகப் பிரிவினை, செட்டில்மென்ட் என்று நாளெல்லாம் அடித்து அடித்து விரல் நுனி மரத்துப்போகும். மத்தியானம் கொண்டுபோன தயிர்சாதம் மூன்று மணிக்கே கரைந்துவிடும். சாயங்காலம் பசி காதை அடைக்க வெளியே வந்தால், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாய் கடையில் அப்போதுதான் கல் சூடாகியிருக்கும்.

கடைக்கு முதலாளியும் பாய்தான், மாஸ்டரும் பாய்தான். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எடுத்து, தட்டி, வீசி, துணி மாதிரி விரித்து, சுருட்டி, கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். அந்தத் தட்டலில் புரோட்டா இதழ் இதழாக உதிரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வாயில் எச்சில் ஊறும், இப்போது எழுதும்போதுகூட ஊறுகிறது. சாப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாழை இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கோழி சால்னாவைக் குளமாக ஊற்றி, ஊறும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்கமாட்டாமல் தொட்டுத் தொட்டுத் தின்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் நாள் பாய் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே துணித் திரை போட்ட இடத்தைக் காட்டினார். பெண்கள் வந்தால் அங்கேதான் உட்கார வைப்பார்களாம். ஆனால் குடும்பத்தோடு வருகிற பெண்கள்தான் வருவார்கள், தனியாக ஒருத்தி வந்ததில்லை.

"அங்க ஃபேன் இல்லையே பாய்" என்றேன்.

"இங்க கல்லுச் சூடு அடிக்குமேம்மா."

"அடிக்கட்டும். நீங்க வீசறதப் பாக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். கல்லுக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுதான் பிறகு என் இடம்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏண்டி, பொம்பளப்புள்ள கடைத்தெருவுல குந்திக்கிட்டு புரோட்டா திங்கிறியாமே? வூட்டுல சோறு இல்லையா?"

"சோறு இருக்கு. புரோட்டா இருக்கா?"

துடைப்பத்தைத் தேடினாள். நல்லவேளையாக அது கொல்லையில் கிடந்தது. அப்பா போன பிறகு அம்மா காட்டு வேலைக்குப் போய்த்தான் என்னை டைப் படிக்க வைத்தாள். வெங்காயம் அறுக்க, பருத்தி எடுக்க, சோளம் ஒடிக்க என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். யாருக்கும் வாயில் சளைக்கமாட்டாள். என் வாய்த்துடுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. பெண் பார்க்க உடையார்பாளையத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும் என்றார். கிணற்றடியில் நின்றோம். அவர் எதுவும் பேசுவதாகக் காணோம், அதனால் நானே ஆரம்பித்தேன்.

"நான் தெனமும் சாயங்காலம் ரெண்டு புரோட்டா சாப்புடுவேங்க. கல்யாணத்துக்கப்புறம் அத விடுன்னு சொல்லக் கூடாது."

"எந்தக் கடையில?" என்றார்.

"பழைய பஸ் ஸ்டாண்டு பாய் கடை."

"அடடா, அங்க சால்னா நல்லாருக்குமே!"

இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

கல்யாணமாகி அரியலூருக்குக் குடிபோனோம். வேலை பெரம்பலூரிலேயே. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் பாய் கடை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் என் வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவார். "ஒரு புரோட்டாவுக்காக இவ்வளவு தூரமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "ஒண்ணு இல்ல, ரெண்டு" என்பார். நோன்பு மாதத்தில் பாய் நோன்பு திறந்த பிறகுதான் கல்லைப் பற்றவைப்பார். அதுவரை எனக்கு ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி கொடுத்து உட்கார வைப்பார், நான் அடுத்த பஸ்ஸில் போவேன்.

ஒரு குறைதான். குழந்தை இல்லை.

கல்யாணமான மறு மாதமே "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வருஷம் போனது, இரண்டு போனது, மூன்றாவதும் வந்தது. யாரோ ஒரு புண்ணியவதி கண்டுபிடித்தாள், காரணம் புரோட்டாதான் என்று. மைதா சூடாம். தினமும் தின்றால் வயிறு காய்ந்துபோகுமாம், கரு தங்காதாம். அவ்வளவுதான், இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் போனால் புரோட்டா, காதுகுத்துக்குப் போனால் புரோட்டா. திருச்சியில் டாக்டரிடம் காட்டினோம். இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்றார். வெட்கத்தை விட்டு அதையும் கேட்டேன். "தெனமும் சாப்பிட்டா தொப்பை விழும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று சிரித்தார். டாக்டர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா இதமாகத்தான் ஆரம்பித்தாள்.

"சிறுவாச்சூர் ஆத்தாகிட்ட வேண்டிக்க. நமக்குப் புடிச்சது ஒண்ண அவளுக்காக வுட்டுட்டா, அவ கண்ணத் தொறப்பா. புள்ள பொறக்கற வரைக்கும் அந்தப் புரோட்டாவ வுட்டுத்தான் பாரேண்டி."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"வுட்டப்புறம் புள்ள பொறந்தா என்ன சொல்லுவாங்க? இவ்வளவு நாளும் தின்னு தின்னு புள்ளையத் தொரத்துனவன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. வுட்டும் பொறக்கலன்னா? புள்ளையும் இல்ல, புரோட்டாவும் இல்ல! நான் என்னம்மா தப்பு பண்ணேன்? பசிச்சுது, தின்னேன். விடமாட்டேன்!"

கத்திவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பி வந்துவிட்டேன். அன்றோடு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? யார் வீட்டிலாவது தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தால், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன். பாய் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒருவேளை இதுதானோ என்று தோன்றும், கை நின்றுவிடும். அப்புறம் கோபம் வரும். "பாய், இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்பேன்.

அப்படி ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். இலையில் இரண்டு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, பாய் சால்னா ஊற்றினார். குனிந்தேன். குப்பென்று ஒரு வாடை.

"பாய், இன்னிக்கு சால்னாவுல என்ன போட்டீங்க?"

"தெனமும் போடறதுதாம்மா."

"என்னமோ நாறுதே."

கடையே திரும்பிப் பார்த்தது. பாய் சால்னாவை நாறுகிறது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தன் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்றார். பாய் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். அதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. எழுந்து சாக்கடை ஓரத்துக்கு ஓடினேன்.

வாய் கொப்பளித்து நிமிர்ந்தால், பாய் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே நின்றிருந்தார். அவர் ஆறு பிள்ளைகள் பெற்ற வீட்டுக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இத்தினி வருஷத்துல நீ எலையில ஒரு துண்டு மிச்சம் வெச்சதில்லையேம்மா. நாறுறது சால்னா இல்ல. நேரா அம்மா வூட்டுக்குப் போ. அல்லாஹ் பெரியவன்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாள் தள்ளிப்போனதை மழைக் குளிர், பஸ் அலைச்சல் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். டிரைவர் "என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

அம்மாவிடம் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுது முடிக்கவில்லை, சண்டை ஆரம்பித்துவிட்டது.

"பாத்தியா, ஆத்தாளே வந்து நிறுத்திப்புட்டா!"

"நேத்து வரைக்கும் தின்னேன்மா! தின்னுக்கிட்டு இருக்கறப்பவேதான் புள்ள வந்துருக்கு!"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை வந்த சந்தோஷம் ஒரு பங்கு என்றால், புரோட்டா தின்றுகொண்டே வந்தது என்பது இன்னொரு பங்கு. பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஆனால் வாடைதான் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். பாய் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் ஆசை தாங்காமல் எங்காவது புரோட்டா தின்றுவிட்டு வந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாவம் மனுஷன், ஆலையிலேயே சோப்பு வாங்கி வைத்துக்கொண்டார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. என் அம்மாவின் மூக்கு, அவருடைய காது, தொண்டை மட்டும் என்னுடையது. நர்ஸம்மாவிடமும் என் புரோட்டாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் படுக்கவைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் இருக்கவிடாது.

"இனிமே யாரும் புரோட்டாவ ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நான் எதையும் வுடல. புள்ள வந்துச்சா இல்லையா?"

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கி வந்திருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"மாப்ள, அந்த டீயில கொஞ்சம் ஊத்துங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அம்மா டீ குடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்டால் நெஞ்சு கரிக்குது என்பாள். அதற்கு முன்னால் டீ இல்லாமல் காட்டுப் பக்கம் கால் எடுத்து வைக்காதவள். காலையில் அதுதான் அவளுக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு வரப்பில் எல்லோரும் டீ குடிக்கும்போது இவள் மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குனிவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். வயசாகிறது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தாள். "ஆத்தாடி!" என்றாள்.

"நெஞ்சு கரிக்குதுன்னியேம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் கரிக்கல."

"அப்புறம் ஏன்?"

"நீதான் விடமாட்டேன்னு கத்திப்புட்டுப் போயிட்ட. ஆத்தாகிட்ட யாராச்சும் ஒருத்தி எதையாச்சும் வுடணும்ல? அன்னிலேருந்து வுட்டேன்."

தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். குழந்தையும் சேர்ந்துகொண்டு வீல் என்று அழுதது.

"அழுவாதடி, பால் கட்டிக்கும்" என்றாள் அம்மா. "புள்ளைய எடுத்துப் பால் குடு. என்னையும் செத்த நேரம் நிம்மதியா டீ குடிக்க வுடு."