‘கேலிவான்ட்டிங்’ என்றொரு வசவு

பெரியப்பா அந்தச் சொல்லைச் சொன்னால் எதிரே இருப்பவர்மீது வெற்றிலைச் சாறு தெறிக்கும். ‘கேலிவான்ட்டிங்’. நடுவிலுள்ள ‘வா’வுக்கு மேற்பல்லால் கீழுதட்டை அழுத்தினால்தான் துரைமார் உச்சரிப்பு வரும் என்று யாரோ அவரை நம்பவைத்திருந்தார்கள், அந்த நம்பிக்கையின் சிவப்புக் கறை என் பள்ளிச் சட்டைகளில் பலநாள் இருந்தது. கப்பல் கம்பெனி ஒன்றின் ஹெட் கிளார்க் அவர். துரைகள் போய் வெகுகாலம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர், அவர்களே தம்மிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியதுபோல நடப்பார்.

மாட்டுங்காவின் அந்த இரண்டறை வீட்டில் அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் இருந்தோம். அவருக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கையான பத்மா அத்தையும் இருந்தாள். அத்தை ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். மாலையில் லோக்கல் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவின் மரத்தடிகளில் ஒரு சுற்று நடந்து, பூக்கடை வாசலில் கொஞ்சம் வேடிக்கை பார்த்து, விளக்கேற்றும் வேளைக்கு வருவாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பெரியப்பாவின் மகன் ரமேஷ் கல்லூரிக்கு மட்டம் போட்டுத் தியேட்டர் வாசலில் திரிந்தால் அது ‘ரோமிங்’, வயசுப் பிள்ளை அப்படித்தான். தாராவிப் பையன்கள் ஸ்டேஷன் பாலத்தில் நின்றால் ‘லாய்ட்டரிங்’, போலீசைக் கூப்பிட வேண்டும். தாமே கைத்தடியோடு கிளம்பினால் ‘கான்ஸ்டிட்யூஷனல்’, உடம்புக்கு நல்லது. யாருடைய கால் என்று பார்த்துத்தான் அவர் சொல்லை எடுத்தார். அத்தைக்கென்று வைத்திருந்த ‘கேலிவான்ட்டிங்’கோ, ‘கேலி’ என்று தொடங்கியதால், ஏதோ தமிழ்க் கிண்டல் என்றே நான் நினைத்திருந்தேன்.

அத்தையைப் பெண் பார்க்க அணுசக்தி நகரிலிருந்து வந்தார்கள். பையன் எஞ்சினியர். கேசரி, காப்பி எல்லாம் ஆயிற்று. பையனின் அம்மா சாதாரணமாக, பெண் ஆபீஸிலிருந்து எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டார். ஆங்கிலம் தெரிந்த சபை கிடைத்த பூரிப்பில் பெரியப்பா, “ஷி இஸ் கிவன் டு கேலிவான்ட்டிங்” என்று சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். பையனும் சிரித்தான். அர்த்தம் கேட்ட அம்மாவிடம் குனிந்து, “ஊர் சுத்தறதும்மா” என்றான். அந்த அம்மாள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

பெரியப்பா தம் வாயைப் பழிக்கவில்லை, அத்தையின் காலைப் பழித்தார். இனி ஆபீஸும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். என் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அவருடைய வீரம் எப்போதும் அந்தத் தாளின் அகலம்தான்.

அத்தை என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட டிக்ஷனரியில் அந்தச் சொல்லைப் பார்த்து உரக்கப் படிக்கச் சொன்னாள். சந்தோஷத்தைத் தேடி அங்குமிங்கும் போவது என்று போட்டிருந்தது. தப்பு என்றோ பாவம் என்றோ அதில் இல்லை.

“அதைத்தான் அண்ணா பண்ணினேன்,” என்றாள் அத்தை, பெரியப்பாவைப் பார்த்து. “இனிமேலும் பண்ணுவேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரே, பெட்டியோடு செம்பூரிலுள்ள, வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டலுக்குப் போனாள். பெரியப்பா வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் ஒன்றும் சொல்லவும் முடியவில்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. அந்தக் கட்டடமும் இடிந்து, அதே இடத்தில் கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது; அதன் குடியிருப்போர் சொசைட்டிக்கு செக்ரட்டரி ரமேஷ். அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு சொற்கள் கிடைத்துவிட்டன. சென்ற மாதம் ரமேஷ் போன் செய்து, மாடியில் மெம்பர்களுக்கென்று வாக்கிங் டிராக் போட்டிருக்கிறோம், அத்தை வந்தால் பத்திரமாக நடக்கலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னான்.

செம்பூரில் தனியாக, யாரையும் கல்யாணம் செய்துகொள்ளாமல், முழங்கால் வலியோடும் நல்ல பசியோடும் வாழும் அத்தையிடம் அதைச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம்.

“சுத்திச் சுத்தி அங்கேயே வரதுக்கா?” என்று கேட்டாள். முதலில் வந்த பஸ்ஸில், போர்டைக்கூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.