கோட்டைக் கழற்றாதவர்

நாங்கள் குடியேறிய அஜின்கோர்ட்டில், எங்கள் டொக்டரின் கிளினிக்கில் அந்த யூத மூதாட்டி எப்போதும் கதவருகேதான் இருப்பார். ஹீற்றர் போட்டிருந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். ஒருநாள் என் கைக்குழந்தை வீரிட்டு அழுதான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவன் வாயைப் பொத்தினேன். அவர் எழுந்து வந்து என் கையை விலக்கினார்.

"அழட்டும், விடு பிள்ளை. நாஜிகள் எங்களைத் தேடி வந்தபோது கூரைக்கடியில் ஒளிந்திருந்தோம். அம்மா தம்பியின் வாயை இப்படித்தான் பொத்தினார்."

"பிறகு?"

"அவர்கள் போய்விட்டார்கள். அம்மா கையை எடுத்தார். தம்பி அழவில்லை."

என் மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "நல்ல குரல்" என்று அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் போய்க் கதவருகே இருந்தார்.

போர்க்காலத்தில் ஊரில் ஆமி வீடு வீடாகத் தேடி வந்தபோது என் அம்மாவும் என் வாயைப் பொத்தினாராம். அதை அந்த மூதாட்டியிடம் சொல்லியிருக்கலாமோ, சொல்லாததுதான் நல்லதோ, தெரியவில்லை. இப்போது மகன் அழுதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.