குடியேறியவர்கள் என்று நான் சொன்னது

அந்த வெளிநாட்டு அதிகாரி வரப்போகிறார் என்று தந்தி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு சின்ன அபிவிருத்தித் திட்ட அலுவலகத்தில் நான் தட்டச்சாளராக இருந்தேன். மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழாக்குவேன். தமிழில் வரும் மனுக்களை ஆங்கிலமாக்குவேன். நியமனம் தற்காலிகமானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிப்புக் கடிதம் வரவேண்டும். கடற்படைத் தளத்தில் வேலை செய்த அப்பா இறந்த பிறகு, அம்மாவும் நானும் அந்தக் கடிதத்தை நம்பித்தான் இருந்தோம். அது வரும்வரை ஒவ்வொரு தடவையும் நாட்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

இந்தத் தடவை என் பயம் வேறு காரணத்துக்காக. சாம்பல்தீவுக்கு அப்பால் வடக்கே, பற்றைக் காட்டை வெட்டிக் குடிசை போட்டுச் சில குடும்பங்கள் இருந்தன. மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கலவரத்தில் அவர்கள் இருந்த லயங்களை, தோட்டத்து வரிசை வீடுகளை, எரித்துவிட்டார்கள். கிடைத்த லொறிகளில் ஏறித் திருகோணமலைக்கு வந்து, முதலில் டவுணில் ஒரு தேவாலய மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். பிறகு யாரோ காட்டிவிட்ட அரச காணிக்குப் போனார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு மைல் நடந்து ஊர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். ஊரார் முதலில் மறுக்கவில்லை. வறண்ட கச்சான் காற்று தொடங்கிக் கிணறு அடிமட்டத்துக்குப் போனதும் வாய்த்தர்க்கம் வந்தது. ஒருநாள் ஒரு பெண்ணின் குடத்தை யாரோ பறித்து உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு வெளிநாட்டு அரசாங்கம் எங்கள் மாவட்டத்துக்குக் கிணறு, கூரைத் தகரம், விதைநெல் கொடுக்கும் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. அந்தக் குடும்பங்களையும் அதில் சேர்க்கலாமா என்று பார்க்கத்தான் அந்த அதிகாரி வந்தார்.

வருவதற்கு முதல்நாள் எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். பென்சனுக்கு நாலைந்து வருடம் இருந்த மனிதர். எந்தக் கடிதத்தையும் மூன்று தடவை வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார்.

"மிஸ், கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. நாளைக்கு நீங்கள்தான் மொழிபெயர்க்கப் போறீங்கள். ஒண்டு சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. அகதி எண்ட சொல் வரக்கூடாது. அறிக்கையிலயும் வேண்டாம், வாயிலயும் வேண்டாம். குடியேறினவை எண்டு சொல்லுங்கோ."

"ஏன் சேர்?"

"அந்த நாட்டுக் கொள்கை அப்பிடி. இந்த உதவி அபிவிருத்திக்கு. ஒரு இடத்தில குடியேறி விவசாயம் செய்யிற ஆக்களுக்கு மட்டும். அகதிகளுக்கு அங்க வேற ஒரு பகுதி இருக்கு. அவை எல்லை தாண்டி வேற நாட்டுக்குப் போன ஆக்களைத்தான் பாப்பினம். இதுகள் எந்த எல்லையைத் தாண்டினது? மலையில இருந்து லொறி ஏறி வந்ததுகள்."

"எங்கட அரசாங்கத்திட்டக் கேட்டால்?"

"எங்கட நாட்டில அகதிகள் ஒருத்தரும் இல்லை எண்டு பதில் வரும். பிறகு எல்லாரையும் பஸ்ஸில ஏத்தித் திரும்பத் தோட்டத்துக்கு அனுப்புவினம்."

நான் பேசாமல் எழும்பி வந்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டேன். "குடியேறினவை எண்டால் காணிக்குப் பெர்மிட் இருக்கவேணுமே சேர்? இவைக்கு இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதைப் பிறகு பாப்பம். இப்ப தண்ணிதான் அவசரம்."

மறுநாள் காலை அதிகாரியை அழைத்துவர அலுவலக ஜீப்பில் சீனன்குடாவுக்குப் போனோம். ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவேன். விமானத்தளத்து வாசலில் எங்களை இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். என் அட்டையைக் கொண்டுபோன சிப்பாய் அரைமணி நேரமாகத் திரும்பி வரவில்லை. வெயிலில் நின்று, அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பயமா இரிக்கா தங்கச்சி?" என்று நானா கேட்டார்.

"இல்லை நானா."

"அட்டை வரும். தண்ணி குடிங்க."

வெளிநாட்டவர் ஐம்பது வயதுக்காரர். வெயிலில் சிவந்த கழுத்து, மண் ஒட்டிய சப்பாத்து. மிடுக்கான துரை ஒருவரை எதிர்பார்த்திருந்த எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வழியெல்லாம் மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் கேட்டார். மேலதிகாரி முன் ஆசனத்தில் விறைத்துப்போய் இருந்தார்.

காட்டோரத்தில் எங்களுக்காக எல்லாரும் கூடி நின்றார்கள். யாரோ ஒரு கதிரையை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டவர் அதில் இருக்கவில்லை. குடிசை குடிசையாகப் போனார். ஒரு குடிசை வாசலில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தீக்காயம் ஆறிய தோல். கொழுந்து பறித்த கை என்பது விரல் நுனிகளில் தெரிந்தது. தன் கணவன் கலவரத்தில் செத்துப்போனான் என்று சொன்னாள். அதை மொழிபெயர்த்தேன். அவர் தலை குனிந்தார்.

பிறகு கேட்டார்: "இவர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? தாங்களாக விரும்பி வந்தவர்களா?"

நான் தமிழில் கேட்டேன். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"விரும்பி யாரு வருவாங்க? நாங்க அகதிங்கம்மா. எரிச்சுத் தொரத்திவிட்ட அகதிங்க. தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க."

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். வெளிநாட்டவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முன்னர் அவர் தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மெதுவான குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவசரப்படவேண்டாம். நான் ஒரு தடவைதான் கேட்பேன். நீங்கள் சொல்வதைத்தான் எழுதவேண்டும். சில சொற்களை எழுதினால் இந்தக் கோப்பு என் கையைவிட்டுப் போய்விடும். வேறொரு பகுதிக்குப் போகும். அங்கிருந்து பதில் வர ஒரு வருடத்துக்கு மேலாகும். இவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லவேண்டியவள் நான் மட்டும்தான்.

"வீடுகளை இழந்ததால் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள்," என்றேன். "பயிர் செய்ய விரும்புகிறார்கள். காணிப் பெர்மிட்டுக்கு ஒழுங்குகள் நடக்கின்றன."

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்துக்குள் சீமெந்து வளையங்கள் வந்தன. இரண்டு கிணறுகள் வெட்டினார்கள். ஒன்றில் நல்ல தண்ணீர் வந்தது, மற்றது குடிக்கமுடியாத சவராகப் போனது. தகரமும் வந்தது. மேலதிகாரி எனக்குப் பிஸ்கட் வாங்கித் தந்தார். நானும் கொஞ்சம் நித்திரை கொள்ளத் தொடங்கினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மொழிபெயர்ப்புக்கு வந்த கடிதக் கட்டுக்குள் காணி விடயம் பார்க்கும் வேறொரு திணைக்களத்தின் சிங்களக் கடிதம் ஒன்று இருந்தது. அரச காணியில் அத்துமீறிக் குடியேறியோர் முப்பது நாளுக்குள் வெளியேறவேண்டும். இந்த அறிவித்தலைத் தமிழாக்கி ஒட்டவேண்டும். கூடவே பெயர்ப்பட்டியல் ஒன்று இணைத்திருந்தார்கள். பட்டியலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். என் தட்டச்சுப்பொறியில் 'ர' எழுத்து சற்று மேலே ஏறித்தான் விழும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு 'ர'வும் மேலே ஏறியிருந்தது. கிணற்றுக்காக நான் அடித்த குடியேறியவர் பட்டியல் அது. வழக்கம்போல எல்லாத் திணைக்களங்களுக்கும் பிரதி போயிருக்கிறது. பெர்மிட் இல்லாத குடியேறியவர்கள் யார், எங்கே என்று பெயர் பெயராக நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மேலதிகாரி அன்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். பொறுக்கமுடியவில்லை. "நானா, சாம்பல்தீவுப் பக்கம் ஒருக்காப் போகவேணும்" என்றேன். அவர் ஏனென்று கேட்காமல் சாவியை எடுத்தார்.

அந்தப் பெண் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"அன்னைக்கி நான் சொன்னத நீங்க தொரைகிட்ட சொல்லலதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"தெரியாது. ஆனா டவுன் மாதா கோயில்ல எங்கள வச்சிருந்தப்போ வாசல்ல ஒரு போர்டு இருந்திச்சு. சிஸ்டரம்மா வாசிச்சுக் காட்டினாங்க. ரெபியூஜி. அந்தச் சொல்லு உங்க வாயில வரல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பிறகு ஏன் பேசாம நிண்டனீங்கள்?"

"தண்ணி வேணுமேம்மா."

அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கல்லில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். அகதி என்றால் வெளிநாட்டு உதவி இல்லை. குடியேறியவர் என்றால் எங்களுடைய சட்டம் விடாது. அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. பிழிந்த துணியை வாளியில் போட்டாள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா நாங்க வெவசாயம் பாக்க ஆசப்பட்டு வந்த மாதிரியில்ல ஆயிருச்சு? என் வீட்டுக்காரர் செத்தது எந்தக் காகிதத்துலயும் இல்லையே. ஒரு தடவ எழுதுங்க. ஒண்ணும் கெடைக்காட்டியும் பரவால்ல."

என் கைப்பையில் இருந்த சுருக்கெழுத்துக் கொப்பியில் எழுதினேன். எந்தத் தோட்டம், யார் வந்தார்கள், எந்தக் கதவால் ஓடினாள், கணவனை எங்கே விட்டுவிட்டு வந்தாள், லொறியில் யார் யார் இருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

மேலதிகாரி வந்ததும் அறிவித்தலை அவர் முன் வைத்தேன். அவர் வரும்வரை அதை யாருக்கும் காட்டாமல் மேசைக்குள் வைத்திருந்ததற்காக ஏசுவார் என்று நினைத்தேன். மூன்று தடவை வாசித்தார்.

"குடியேறினவை எண்டு எழுதச் சொன்னது நான். நீங்கள் பயப்பிடாதேங்கோ." அலுமாரியிலிருந்து திட்ட ஒப்பந்தத்தை எடுத்தார். "ஒரு வழி இருக்கு. வெளிநாட்டு உதவியில செய்த வேலையை அவை வந்து கடைசியாப் பரிசோதிச்சு முடிஞ்சுது எண்டு எழுதித் தரவேணும். அதுவரைக்கும் பயனாளிகளை அசைக்க ஏலாது. ஒப்பந்தத்தில இருக்கு. பரிசோதனை முடிஞ்சுதா இல்லையா எண்டு அண்டைக்கு வந்தவருக்கு எழுதிக் கேளுங்கோ."

அவர் எழுத்தில் பதில் தரவேண்டும். முடிந்துவிட்டது என்று எழுதினால் நாங்களே குழி தோண்டியவர்களாவோம். நான் ஆங்கிலக் கடிதத்தை அடித்தேன். கேள்வி ஒன்று மட்டும். சவராகிய இரண்டாவது கிணற்றைப் பற்றி ஒரு வரி. அதற்கு மேல் எதையும் எழுத எங்களுக்குத் துணிவில்லை.

முப்பது நாளில் இருபத்தைந்து நாள் போயிற்று. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பேன். என் நீடிப்புக் கடிதம் அந்த வாரம் வந்தது. அதைப் பிரித்துப் பார்க்க மறந்துபோய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். இருபத்தேழாம் நாள் தந்தி வந்தது. பரிசோதனை முடியவில்லை, இரண்டாவது கிணறு திருப்தியில்லை, மாரி முடிந்தபின் வருகிறேன், அதுவரை பயனாளிகள் அதே இடத்தில் இருக்கவேண்டும்.

மேலதிகாரி அதைப் பிரதி எடுத்து எல்லாத் திணைக்களங்களுக்கும் அனுப்பினார். அறிவித்தல் ஒட்டப்படவில்லை.

மாரி முடிந்தது. வெளிநாட்டவர் வரவில்லை. அடுத்த மாரியும் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் எங்கள் கேள்வி போகும், முடியவில்லை என்று பதில் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய நாட்டில் ஆட்சி மாறியதாகச் சொன்னார்கள். சின்னக் கிணறுகளுக்கான உதவியை நிறுத்திப் பெரிய அணைக்கட்டுகளுக்குக் கொடுப்பது என்று அவர்களுடைய கொள்கையும் மாறியது. புதிய அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது: திட்டம் வெற்றிகரமாக நிறைவேறிவிட்டது. இனி அவர்களை வெளியேற்ற ஒரு தடையும் இல்லை.

ஆனால் மேலதிகாரி அந்த வருடங்களில் சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது காணிப் பகுதிக்குப் போய்க் கதைத்திருக்கிறார். பென்சனுக்குப் போக மூன்று வாரம் இருக்கும்போது, பட்டியலில் இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருடாந்தப் பெர்மிட் கிடைத்தது. மற்றவர்கள் வன்னிப் பக்கம் உறவினர்களிடம் போனார்கள். யாருக்கு, ஏன் கிடைக்கவில்லை என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கையில் தீக்காயம் இருந்த பெண்ணுக்குக் கிடைத்தது. அது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டிய பெர்மிட். என் நியமனத்தைப் போலத்தான் என்று அவளிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே இருப்போம்மா" என்றாள்.

கோப்பை மூடும் நாளில் மேலதிகாரி தாள் தாளாகப் புரட்டி இலக்கம் போட்டுக்கொண்டு வந்தார். இலக்கம் விழுந்த தாளைப் பிறகு யாரும் கோப்பிலிருந்து எடுக்கமுடியாது. இடையில் அவர் அறியாத ஐந்து பக்கங்கள் இருந்தன. சுருக்கெழுத்தில் இருந்து நான் அடித்து, அந்தப் பெண்ணிடம் கையெழுத்தும் மற்றவர்களிடம் பெருவிரல் அடையாளமும் வாங்கி, யாரிடமும் கேட்காமல் சேர்த்தவை. அவருடைய கண் முதல் வரியிலேயே நின்றது. அகதிகளாகிய நாங்கள் என்று அது தொடங்கியது.

கிழித்தெடுக்கச் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த ஐந்து பக்கங்களுக்கும் முன்பின் பக்கங்களோடு தொடரும்படி இலக்கம் போட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்துக் கோப்பை என்னிடம் தந்தார்.