மக்கீன் முதலாளி போட்ட மார்க்

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற மக்கீன் முதலாளிக்கு யாரிடமும் குறை சொல்ல வாய் வராது. ஈர மிளகைக் கொண்டுவந்து கொட்டுகிறவனிடம்கூட, "நல்ல சாமான். கொஞ்சம் வெயில் பட்டா இன்னும் நல்லா இருக்கும்," என்பார். அதனால் ஊரில் அவருக்கு வேண்டாதவர் என்று ஒருவரும் இல்லை. 1969இல் மைதானத்தில் பழைய கார்ப் போட்டி வைத்தவர்கள் அவரை நடுவராக இருக்கச் சொன்னதும் அதனால்தான். கார் என்றால் அவருக்கு உயிர். உடனே தலையாட்டினார். நடுவர் என்ன செய்ய வேண்டும் என்பதை, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மைதானத்தில் போய் நின்ற பிறகுதான் யோசித்தார்.

இன்னொரு நடுவர் அபேகோன் மாத்தயா, ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். ஒரு சுற்றுப் பார்த்து முடிந்ததும் மக்கீன் போட்ட மார்க்கை வாங்கிப் பார்த்தார். எல்லாக் காருக்கும் பத்துக்குப் பத்து.

"முதலாளி, இது கல்யாண வீடு இல்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிமாற," என்றார் அபேகோன், தனக்குத் தெரிந்த தமிழில். "திரும்பப் போங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கொற சொல்லிட்டு வாங்க. மொகத்துக்கு நேரா சொல்லணும்."

மக்கீன் திரும்பப் போனார். முதலில் நின்றது தோட்டத்துக் கிளாக்கர் நடராஜாவின் பேபி ஒஸ்டின். நடராஜா லேஞ்சித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க," என்று மக்கீன் இழுத்தார். "ஹோர்ன் சத்தம்... ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு."

நடராஜா துடைப்பதை நிறுத்தினார். பிறகு சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் அதத்தாங்க சொல்றாங்க."

ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மக்கீன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். சீட்டில் தையல் விட்டிருப்பதைச் சொன்னார். அதற்கடுத்த காரில் மட்கார்ட்டுக்கு அடியில் குனிந்து துருவைத் தேடினார். குறை சொல்வதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று இத்தனை வருடம் யாரும் அவருக்குச் சொல்லவில்லையே!

கடைசியாக மனைவியின் அண்ணன் ஸக்கரியா காக்காவின் மொரிஸ் கார். வாங்கின நாளிலிருந்து ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை என்று ஸக்கரியா கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஸ்டியரிங் வீல் புதுசு போல," என்றார் மக்கீன்.

"யாரு சொன்ன?"

"நான்தான் சொல்றேன்."

கூட்டம் ஸ்டியரிங்கைப் பார்க்க முண்டியடித்தது. முதல் பரிசு நடராஜாவுக்குப் போனது. ஸக்கரியா தேநீருக்குக்கூட நிற்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். காலையில் மக்கீன் வந்ததும் அந்தக் காரில்தான். வெள்ளைக் கோட்டோடு டவுன் முழுக்கப் பார்க்க நடந்தே வீடு சேர்ந்தார்.

அதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி கைறுன்னிஸா டொக்கென்று சோற்றை வைத்தாள். அவர் ஒரு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, "ஆணத்துல உப்பு கொஞ்சம் கம்மி," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

கைறுன்னிஸா கறிச்சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "காக்காட காரோட நிப்பாட்டி இருக்கலாம்," என்று உப்பை எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் முன்னால் மொரிஸ் நின்றது. ஸக்கரியா உள்ளிருந்தபடியே கதவைத் தள்ளித் திறந்தார்.

"ஏறுங்க."

மக்கீன் ஏறினார். வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டியது. ஸக்கரியா கேட்டார்: "ஸ்டியரிங் மட்டும்தானா, வேறயும் இருக்கா?"

"கோவிக்க மாட்டீங்களே?"

"கோவிப்பேன். சொல்லுங்க."

மக்கீன் முன் பம்பரில் தொடங்கினார். வண்டி அடுத்த ஊரான உக்குவளையை எட்டியபோதும் அவர் இன்னும் பின் கதவுக்கே வந்திருக்கவில்லை.