மாத்திப் போட்ட வால்வு

திருவல்லிக்கேணி நூர் முஹம்மதுவுக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ரெக்சின் பை உண்டு. ஈக்காட்டுத்தாங்கலில் ஆம்ப்ளிஃபயர் செய்த பட்டறையை மூடிய பிறகு, பதினோரு வருடமாக அந்தப் பையை மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறார். ஒரு வீட்டில் சொன்னால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். அதனால் தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கழற்றிய பாகம் கருகிய துண்டாகவே இருந்தாலும், அதைச் சின்னக் கவரில் போட்டு உடையவர் கையில் கொடுக்காமல் படியிறங்க மாட்டார். “பல்லைப் புடுங்கிட்டுக் கையிலயே குடுக்கிற டாக்டரு” என்று அவர் மனைவி அஸ்மத்துன்னிசா கிண்டல் செய்வாள்.

மயிலாப்பூர் கல்யாணராமன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வால்வு ப்ரீஆம்ப் இருந்தது. இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியைத் தேற்றிப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி. அதற்குள் இரண்டு கண்ணாடி வால்வுகள்: இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

“ஒரு மாசமா லெஃப்ட்ல வயலின் மேல போனா காதுல ஊசி குத்தறது. ஆத்துல ஒருத்தரும் நம்பலை. வயசாயிடுத்துங்கறா” என்றார் கல்யாணராமன்.

நூர் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தபடி ஒரு நிமிடம் கேட்டார். “எனக்கும் குத்துது சார். உங்க காது நல்லாத்தான் கீது.”

அந்த ஒரு வார்த்தைக்காகக் கல்யாணராமன் தானே உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

நூரின் வேலைமுறை எளிது. இடத்தை வலமாக்கிப் பார்ப்பது. ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினார். கரகரப்பு வலப்பக்க ஸ்பீக்கருக்குத் தாவியது. ஆகவே ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. ப்ரீஆம்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர்களை மாற்றினார், அப்போதும் தாவியது. தட்டிலிருந்து வரும் ஒயர்களை மாற்றினார், கரகரப்பு அசையவில்லை. ஆக, கோளாறு ப்ரீஆம்புக்குள். கடைசியாக அதை அணைத்து ஆறவிட்டு, இரண்டு வால்வுகளையும் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினார். அப்போதும் குத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. வால்வு நிரபராதி. மீட்டரை வைத்துத் தேடியதில், இடப்பக்கத்துக் கப்பாசிட்டர் ஒன்று மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் புதிது வைத்தார். வால்வுகளைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. நாற்பது வருடத்துச் சாக்கெட். சும்மாச் சும்மாப் பிடுங்கினால் பிடி தளர்ந்துவிடும்.

வயலின் உச்சிக்குப் போய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

“கப்பாசிட்டர் போயிருந்துது சார், புதுசு போட்டிருக்கேன். பழசு இந்தக் கவர்ல கீது. வால்வு ரெண்டையும் மாத்திப் போட்டேன், அப்படியே விட்டுட்டேன்.”

“பேஷ்” என்றார் கல்யாணராமன், கண்ணைத் திறக்காமல்.

நான்கு நாள் கழித்து அடையாறு சந்திரிகா தொலைபேசியில் கூப்பிட்டாள். மறுநாள் அவள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரைப் பார்க்க நூர் போவதாக இருந்தது. “வரவேணாங்க” என்றாள். ஏன் என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள். இசைத்தட்டு கேட்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். கல்யாணராமன் அதில் தன் ப்ரீஆம்பின் படத்தைப் போட்டிருக்கிறார். ஸ்ரீவத்சன் என்ற ஒருவர், போன வருடப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூடியின் கம்பிவலை வழியாக முன்னால் தெரிகிற வால்வில் வெள்ளை எழுத்து இருந்ததே, இப்போது மொட்டையாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். அந்த எழுத்துப் போட்ட வால்வு இப்போது எங்கேயும் கிடைக்காதாம். அதற்குக் கல்யாணராமன் எழுதிய பதிலை அவள் படித்துக் காட்டினாள்: “மாத்திப் போட்டேன்னு அவரே சொன்னார். கப்பாசிட்டரைக் கவர்ல குடுத்தவர், பழைய வால்வை மட்டும் குடுக்கலை.”

நூர் தொலைபேசியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அஸ்மத்துன்னிசா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

“‘இடத்தை’ன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா இன்னா? அதுல போய் கஞ்சத்தனம் பண்ணியிருக்கீங்க.”

“தமிழ்லதானே சொன்னேன்.”

“தமிழ்லதான் மாட்டிக்கினீங்க.”

மறுநாள் காலையிலேயே மயிலாப்பூர் போய், கூப்பிடாமல் உள்ளே வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ப்ரீஆம்பின் மூடியைக் கழற்றினார். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், படத்தில் தெரியாத மூலையில், வெள்ளை எழுத்துப் போட்ட வால்வு நின்றுகொண்டிருந்தது.

“அட, இங்கேயா இருக்கு” என்றார் கல்யாணராமன். பிறகு, “நீங்கதானே மாத்தினேன்னேள்?”

“இடத்தை மாத்தினேன் சார்.”

“அப்போ இடத்தைன்னு சொல்லப்படாதோ? நான் என்னத்தைக் கண்டேன்?”

“சொல்லியிருக்கணும் சார். தப்புதான். குரூப்ல மட்டும் ஒரு வார்த்தை போட்டுடுங்க. நூர் எதையும் எடுக்கலைன்னு.”

“போட்டுட்டாப் போச்சு” என்று கல்யாணராமன் அங்கேயே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டினார். காட்டுங்கள் என்று கேட்க நூருக்குக் கூச்சமாக இருந்தது.

லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சந்திரிகாவே கூப்பிட்டாள். குரலில் இரக்கம் இருந்தது.

“பார்த்தேங்க. எப்படியோ கொண்டுவந்து வச்சிட்டீங்க, நல்லது.”

“இன்னாம்மா எழுதியிருக்காரு?”

அவள் படித்தாள். “‘நூர் இன்று நேரில் வந்தார். வால்வு இரண்டும் இப்போது இருக்கின்றன. விஷயம் முடிந்தது. பெரிதுபடுத்த வேண்டாம்.’ கீழ ஸ்ரீவத்சன், கேட்டவுடனே திரும்பி வந்துடுத்தே, சபாஷ்னு போட்டிருக்கார்.”

“நான் எடுக்கவே இல்லம்மா. அது அங்கயேதான் இருந்துது.”

“சரிங்க, சரிங்க. அதான் முடிஞ்சிடுச்சே.”

நூர் கல்யாணராமனை அழைத்தார். “இன்னொரு தரம் எழுதுங்க சார். தெளிவா.”

“திரும்பக் கிளறினா உங்களுக்குத்தான் அசிங்கம். நான்தான் பெரிதுபடுத்த வேண்டாம்னு எழுதிட்டேனே. இதுக்கு மேல என்ன பண்ணணுங்கறேள்?”

பஸ் வந்து போயிற்று. நூர் நிழலுக்கு ஒதுங்கி நின்று, தொலைபேசியில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தானே கூப்பிட்டு விளக்குவது என்று தீர்மானித்தார். முதல் எண் தி.நகர். ஒன்பது வருடமாகப் போய்வருகிற வீடு. ‘இடத்தை’ என்ற சொல்லை நாக்கிலேயே தயாராக வைத்திருந்தார்.

அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. எடுத்ததுமே அந்த வீட்டுக்காரர், “இப்போதைக்கு ரிப்பேர் எதுவும் இல்ல, பாய்” என்றார்.

அந்த வீட்டில் அதுவரை அவர் நூர்தான்.