புதுப் பிடிக்கு முதல் சவரம்

மடவார் வளாகம் என்ற ஊரில் ஒரு தச்சாசாரியின் பட்டறையில் நிற்கிறேன். என் சவரக்கத்தி வண்டியிலிருந்து விழுந்து அதன் கொம்புப் பிடி உடைந்துவிட்டது. இராஜபாளையத்தில் கல்யாண மாப்பிள்ளை நான் போய்ச் சவரம் செய்யக் காத்திருக்கிறார். அது முடிந்த பிறகுதான் அவரை மணையில் உட்கார வைப்பார்கள். இப்போது வரப்போகும் ரயிலை விட்டால் முகூர்த்தம் தவறிவிடும்.

ஆசாரி புளியமரத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் இரண்டு சில்லுகளை இழைத்து, நடுவே கத்தியை வைத்துப் பித்தளை ஆணி அடிக்கிறார். மடக்கிப் பார்த்தால் கூர் மரத்தில் உரசுகிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டு மறுபடி அரம் போடத் தொடங்குகிறார்.

“ரயில் வந்துரும், ஆசாரியாரே.”

“செத்த பொறுங்க, அண்ணாச்சி. உரசுனா கூர் மழுங்கிரும்லா.”

இரண்டாம் முறை கத்தி மரத்தைத் தொடாமல் மடங்குகிறது. அவசரமாகக் கை நீட்டுகிறேன். அவர் சொம்புத் தண்ணீரைத் தாடையில் தடவி, முக்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கத்தியை நீட்டுகிறார்.

“நான் போட்ட பிடிக்கு மொதச் சவரம் எனக்குத்தான். ஆடுச்சுன்னா என் கழுத்தோட போவட்டும்.”

தூரத்தில் ரயில் ஊதுகிறது. அவர் கண்களை மூடிக்கொள்கிறார். தாடையில் கத்தியை வைத்து இழுக்கிறேன். பிடி அசையவே இல்லை. ரயில் பக்கம் திரும்பாமல் கத்தியைக் கழுத்துக்கு இறக்குகிறேன்.