இறங்கிய கோடும் டாக்டர் திஜானியும்

புட்டியின் பக்கவாட்டில் காந்தத்தை அழுத்தியபடியே காபிக்கடைக்காரரிடம் சொல்கிறார் டாக்டர் திஜானி: "கறுப்புத் தண்ணி எப்படி ஓடி வருது பாருய்யா! உள்ள இரும்பு ஆக்ஸைடு. ஒரு தலைமுடிய பத்தாயிரமா கிழிச்சா வருமே, அந்த சைஸு."

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் இதைப் பார்க்காத காபிக்கடை இல்லை. "சிறுசாக ஆக வலு கூடும்" என்று முடிப்பார். ஆள் குள்ளம், இந்தக் கொள்கை ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் யாரும் கேட்டதில்லை.

நிக்கல் ஆக்ஸைடில் அது உண்மைதான். கட்டியாக இருக்கும்வரை காந்தம் ஒட்டாது. நுண்துகளாக்கினால் காந்தத்தன்மை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இளமையில் எழுதிய அந்த ஒரு கட்டுரையை இருபது வருடமாக எல்லா ஆக்ஸைடுக்கும் ஓதிவருகிறார்.

அவரிடம் ஆய்வு செய்த சுந்துஸ், இரும்பு ஆக்ஸைடை இருபது நானோமீட்டரிலிருந்து ஐந்துவரை சிறிதாக்கி அளந்தாள். காந்த வலு படிப்படியாகக் குறைந்தது.

"மேற்பரப்புல இருக்கற அணுக்கள் ஒரே திசையில நிக்கல டாக்டர். துகள் சிறுக்கச் சிறுக்க அதுங்க பங்குதான் அதிகம்."

"என் அணுவெல்லாம் ஒழுங்கா நிக்கும்மா. உனக்குத்தான் அளக்கத் தெரியல."

மூன்று முறை அளந்தாள். நான்காவது முறை, காந்த வலுவை அளக்கும் எந்திரத்தைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் நானே அளந்தேன். வரைபடத்தில் கோடு இறங்கியது. டாக்டர் வரைபடத் தாளை வாங்கிப் பின்பக்கமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இப்பப் பாரு, எப்படி ஏறுது!"

சிரிப்பார் என்று காத்திருந்தோம். சிரிக்கவில்லை. கோடு ஏறினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார்.

நான்கு வருட உழைப்பு. சுந்துஸ் தாளை வாங்கி மறுபடி முன்பக்கமாகத் திருப்பினாள்.

"கையெழுத்து வேணாம் டாக்டர். கோட்டத் திருப்ப மாட்டேன்."

டாக்டர் ஏழு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் துறைத் தலைவர் தலையிட்டு ஆய்வேட்டைப் பரிசோதகர்களுக்கு அனுப்பினார். வாய்மொழித் தேர்வு நாளில், தலைநகர் தூனிஸிலிருந்து வந்த பரிசோதகர் அம்மையார் திரையில் இறங்கும் கோட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சரிவுதான்மா உன் ஆய்வுக்கே உயிர். இத விடாம பிடிச்சுக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

சுந்துஸ் வாய் திறப்பதற்குள், முன்வரிசையிலிருந்து டாக்டர் திஜானி எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அரங்கத்தைப் பார்த்து அடக்கமாகத் தலை குனிந்தார்.